ஊறுகாய்க்குப் பதில் ஆலிவ்

அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிறவள். மதியக் கஞ்சிக்கு ஊறுகாய் இல்லாவிட்டால் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. போன வருஷம் சுகாதார நிலையத்தில், ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும், அடுத்த மாதமும் இறங்காவிட்டால் மாத்திரையைக் கூட்டுவோம் என்றார்கள். ஏற்கெனவே போடுகிற மாத்திரைக்கே அவளுக்குத் தலை கிறுகிறுக்கும். கிறுகிறுப்போடு வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார விடுவார்களா? வேலை போய்விடும்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். சும்மா இருப்பேனா? செல்போனில் தேடி ஆலிவ் காயைக் கண்டுபிடித்தேன். நல்ல கொழுப்பு, இதயத்துக்கு இதம். விருதுநகரில் ஒரு பெரிய பாட்டிலாக வாங்கிவந்து, ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

"இனிமே கஞ்சிக்கு இதுதாம்மா. தினமும் பத்து."

கம்பெனியில் சாப்பிடும்போது மற்ற பெண்கள் விடவில்லையாம். அம்மாவே சொல்லிச் சிரித்தாள்.

"என்னக்கா, வேப்பங்காயைத் தொட்டுக்கிட்டு கஞ்சி குடிக்கீக?"

"எம் மகன் வாங்கித் தந்தது. இதயத்துக்கு நல்லதாம்."

"ஒங்க மூஞ்சி போற போக்கைப் பாத்தா இதயமே ஓடிரும் போல இருக்கே!"

மறுமாதம் அளந்தபோது அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது. நர்ஸ் முறைத்தார்.

"ஊறுகாய் தின்னீகளா?"

"கண்ணாலகூடப் பாக்கலம்மா."

நான் முன்னால் வந்து ஆலிவின் அருமையை விளக்கினேன். நர்ஸ் பொறுமையாகக் கேட்டார்.

"காய் நல்லதுதான் தம்பி. பாட்டில்ல எதுல ஊறுது?"

"தண்ணியில."

"என்ன தண்ணி?"

வாங்கிய அன்று பாட்டிலை முன்னும் பின்னும் பெருமையாக எடுத்த படம் செல்போனில் இருந்தது. பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். உப்புத் தண்ணீர். டாக்டர் இன்னும் இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "ஒனக்கு உப்புன்னு தெரியலையாம்மா?"

"மொத நாளே நாக்கு கரிச்சிருச்சுலே."

"பெறகு ஏன் தின்னே?"

"படிச்ச புள்ள சொல்றான், உப்புக்குள்ள வேற ஏதோ இருக்கும்னு நெனைச்சேன்."

அன்றிலிருந்து பத்து மூன்றானது. அந்த மூன்றையும் கருவாட்டைக் கழுவுவதுபோல் அம்மா பலமுறை அலசி, ஊறவைத்துப் பிழிந்துவிடுவாள். மற்றபடி தொட்டுக்கொள்ள வெங்காயம்தான். இரண்டு வாரத்தில் அழுத்தம் இறங்கிவிட்டது. மாத்திரை கூடவில்லை, வேலையும் போகவில்லை.

இப்போது நான் பிஸ்கட் வாங்கி வந்தால்கூட அம்மா பிரிக்க விடுவதில்லை.

"பின்பக்கத்தையும் படிலே. சத்தமா."