கோணம் காட்டிய லான்மாஸ்ரர்

கிருசாந்தி ரீச்சரைப் பற்றி எழுத உடையார்கட்டில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் காடாய்க் கிடந்த மூன்று ஏக்கரைத் தனி ஆளாய் வயலாக்கினேன். லான்மாஸ்ரரை, அதுதான் அந்த இரண்டு சில்லு உழவு மிசினை, பின்னால் பூட்டிய பெட்டியோடு பின்னுக்கு எடுப்பதில் எனக்கு நிகரானவன் இந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. ரீச்சரின் கதையில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிற பிள்ளை அவர். வயது இருபத்தெட்டு. ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே எதிரில் நிற்கிற பிள்ளையிடம் ஒரு கணக்குக் கேட்பார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பித்தார். மண்டபத்தின் தலைவர் சின்னராசா, அதாவது நான்.

தவணைச் சோதனையில் கோணக் கணக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பிழைத்தது. கோடு நீளமாக இருந்த கோணத்தைப் பெரியது என்று எழுதிவிட்டார்கள். என்னைப்போல லான்மாஸ்ரர் வைத்திருக்கிற வீரகத்தி கோபத்தோடு மண்டபத்துக்கு வந்தான். மகள் யதுர்ஷிகாவைப் புதுக்குடியிருப்பு ரியூசனுக்கு மாற்றப்போவதாகச் சொன்னான். அவன் மாற்றினால் மற்றத் தகப்பன்மாரும் மாற்றுவார்கள்; வகுப்பு காலியாகிவிடும்.

ரீச்சர் முகம் வாடவில்லை. "நாளைக்கு ஒருநாள் வந்து பாருங்கோ அண்ணை. அதுக்குப் பிறகும் பிள்ளைக்கு விளங்காட்டி நானே கொண்டுபோய் ரியூசனில விடுறன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி லான்மாஸ்ரரைக் கேட்டார். வாங்கு மேசை தூக்கத்தான் கூப்பிடுவார் என்று நினைத்திருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்த நாள் மண்டப முற்றத்தில் மிசினும் பெட்டியும் ஒரே கோட்டில் நின்றன. அது நேர்கோணம் என்றார் ரீச்சர். கொஞ்சம் மடக்கினேன், விரிகோணம். இன்னும் மடக்கினேன், செங்கோணம். அவர் நிறுத்தச் சொல்லி வாய் மூடுமுன் வண்டி நிற்கும். ரீச்சர் பாகைமானியை வைத்துப் பார்த்தார், தொண்ணூறு. எனக்குப் பாகைமானி தேவைப்படவில்லை. கடைசியாக, இன்னும் ஒரு சாண் மடக்கினால் பெட்டி பிரளும் என்கிற இடத்தில் நிறுத்தினேன்.

"இது என்ன கோணம்?"

"கூர்ங்கோணம் ரீச்சர்" என்றாள் யதுர்ஷிகா. "போன மாரிக்கு அப்பா வாய்க்காலுக்குள்ள பிரட்டினது இதிலதான்."

முற்றம் சிரித்தது. வீரகத்தி சாரத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

ரீச்சர் அவனை விடவில்லை. பந்தலுக்கு வைத்திருந்த நீளத் தடிகளை அவனைக் கொண்டே பெட்டியில் ஏற்றுவித்தார். தடிகள் பின்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றன. இப்போது கோணம் பெரிதா என்று கேட்டார். பெட்டி நீண்டதால் பெரிது என்றாள் யதுர்ஷிகா. பிழை என்று ரீச்சர் சொல்லவில்லை. நான் கைப்பிடியைத் திருப்பினேனா என்று என்னிடம் கேட்கச் சொன்னார்.

"நான் அசையவே இல்லைப் பிள்ளை" என்றேன்.

அவள் மிசினும் பெட்டியும் பூட்டுகிற கொளுக்கியடியில் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். எழும்பித் தகப்பனிடம் போனாள்.

"தடி எவ்வளவு நீண்டாலும் கொளுக்கியடியில விரிஞ்சது அவ்வளவுதான் அப்பா. கோணம் மாறேல்லை."

வீரகத்தி தடிகளை ஒவ்வொன்றாக இறக்கினான். ரியூசன் கதையே எடுக்கவில்லை. கடைசித் தடியை இறக்கிவிட்டு, "சின்னராசாண்ணையின்ர பெட்டி கட்டை, ரீச்சர். நாளைக்கு என்ர நீளப் பெட்டியைக் கொண்டுவாறன்" என்றான்.

"கொண்டுவா" என்றேன். "பின்னுக்கு எடுக்கிறது மட்டும் நான்."