இரண்டாவது வளைவில் பஞ்சு

ஆராய்ச்சியில் சேர்ந்த நாலாவது வருடம் எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. அதிலும் சோதனைக்காக நான் செய்யும், தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்தக் கண்ணாடிச் சில்லைப் பார்த்தால் தூக்கி எறியலாம் போலிருக்கும். அதற்குள் தலைமுடி அகலத்தில் ஓடைகள். முதல் ஓடையில் ஒரு என்சைம் சர்க்கரைத் தண்ணீரிலிருந்து பெராக்சைடு தயாரிக்கும். அதே ஓடையின் இரண்டாவது வளைவில், பக்கத்துக் குறுகலான ஓடை வழியாக வந்து சேரும் இன்னொரு என்சைம், அந்தப் பெராக்சைடை வைத்து, கூடவே ஓடும் சிவப்புச் சாயத்தின் நிறத்தை எடுக்கும். எடுக்க வேண்டும். எட்டு மாதமாக முதல் வேலை ஒழுங்காக நடந்தது. சாயம் மட்டும் இரண்டாவது வளைவைத் தாண்டியும் சிவப்பாகவே போனது.

இரண்டாவது என்சைமைத்தான் குற்றம் சொன்னோம். மூன்று முறை புதிதாக வாங்கியும் பார்த்தாயிற்று.

"இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்மா. முதல் பாதிய மட்டும் வெச்சு எழுதுங்க" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியை. பாதி வேலைக்குப் பட்டம் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். சரிங்க மேடம் என்றேன். எதிர்த்துப் பேசக்கூடத் தெம்பில்லை.

எங்கள் வீடு நல்லூரில். கணவர் பனியன் துணி பின்னும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். எங்கள் ஊரில் ஸ்கூட்டர், அடுப்பு, சாமி படம் எல்லாவற்றையும் துடைப்பது பனியன் வேஸ்ட் துணியில்தான். அவர் வெள்ளையாகப் பொறுக்கி, துவைத்து, மடித்து வாராவாரம் என் பையில் வைப்பார். சில்லின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் அதில்தான் துடைப்பேன். இத்தனை படித்தும் அது தப்பென்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசி வாரம், வேறு வேலை ஓடாமல், அந்தக் குறுகலான ஓடையின் வாயை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பஞ்சு. நாலைந்து இழைகள் குறுக்கே சிக்கி, இரண்டாவது என்சைமை வரவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தன. பழைய சில்லுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பஞ்சு. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மறுநாள் துணியே படாமல், டேப்பால் தூசியை ஒற்றியெடுத்து ஒரு சில்லை ஒட்டினேன். இரண்டாவது வளைவில் சிவப்பு வெளிறி, வெறும் தண்ணீர்போல வெளியே வந்தது. சந்தோஷத்தைவிடத் தூக்கம்தான் வந்தது.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் கேலியாகச் சொன்னேன். "உங்க துணிதானுங்க எட்டு மாசமா என்னைய ஆட்டி வெச்சிருக்குது."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நாந்தான் கெடுத்துப் போட்டனா புள்ள?"

"அய்யோ, தொடச்சது நானுங்க."

பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. இன்றும் வேலை விட்டு வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி நன்றாக உதறிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். வேண்டாமென்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அன்றைக்கு, சில்லுக்குள் தண்ணீர் தள்ளும் பம்பில்தான் கோளாறு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.