பனிநாட்டின் மூன்றாவது வீடு

நான் சொல்வதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புளுகு. இது மிச்சமிருக்கும் அந்த ஒன்று. நம்பாதவர்கள் இப்போதே விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கலாம். தூக்கம் வந்தால் சரி.

ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் எனக்கு வேலை. அங்கே 'பனிநாடு' என்று ஒரு பகுதி. பஞ்சில் பனி, சிமெண்டில் மலை, பெயிண்டில் ஆறு. மர வீடுகளுக்குள் அந்த நாட்டு மக்களாக நாற்பது பொம்மைகள். தினமும் காலை ஆறு மணிக்கு அவர்கள் முகத்தைத் துடைப்பது என் பொறுப்பு. ஒரு நாட்டுக்கே முகம் துடைத்தவன் நான்.

அந்த நாட்டில் ஒருவருக்கும் கண் திறந்திருக்காது. காரணம், சிக்கனம். பொம்மை செய்தவர் எங்கள் வேலையாட்களையே உட்காரவைத்து, முகத்தில் பிளாஸ்டர் அப்பி அச்சு எடுத்தார். கண்ணை மூடாமல் முடியுமா? அதனால் அங்கே எல்லாரும் தூங்குவார்கள், இல்லை குனிந்து வேலை பார்ப்பார்கள். மூன்றாவது வீட்டில் கணப்பு ஓரம் குனிந்து கம்பளி பின்னுபவள் என் மனைவி. பூங்காவில் உடுப்பு துவைத்துக்கொண்டிருந்தவள்.

அச்சு எடுத்த அன்று கேட்டாள். "ஏங்க, பேசலாமா?"

"பத்து நிமிஷம் வாய மூடு. ஊர் நிம்மதியா இருக்கட்டும்."

சிரித்துவிட்டாள். பிளாஸ்டர் வெடித்து, மறுபடி அப்பினார்கள்.

அவள் போய் மூன்று வருடம். ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தபோது நான் பக்கத்தில் இல்லை. இங்கே துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப முடியவில்லை.

பனிநாட்டை இடித்துத் தண்ணீர்ச் சறுக்கு கட்டப் போகிறார்கள் என்றதும் மேற்பார்வையாளரிடம் ஓடினேன். எந்நேரமும் ஊதிக்கொண்டே திரிவதால் அவருக்கு 'விசில்' என்று பெயர்.

"தம்பி, மூணாவது வீட்டுப் பொம்மைய எனக்குக் குடுத்துடுங்க."

"வீட்ல வச்சு என்ன பண்ணப் போறீங்க பெரியவரே?"

"திட்டு வாங்கத்தான். ஆள் இல்லாம காது அடைச்சுப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. "மேல கேட்டுப் பாக்கறேன்."

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை. காலை 6.10. அந்தப் பகுதிக்கு முன்தினமே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். கூரை இடுக்கில் வந்த வெளிச்சம்தான்.

மூன்றாவது வீடு. 6.14.

அவள் முகத்தில் தூசியே இல்லை...

துணியை வைத்தேன். ஈரம்.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

டக்...

டக்...

பலகையில் சொட்டும் சத்தம். மறுபடி துடைத்தேன். கன்னம் லேசாக அமுங்கியது. பெயிண்ட் ஊறிவிட்டது போல...

துணி வெதுவெதுப்பாக இருந்தது.

"இப்படி நனையறியே, கொஞ்சம் தள்ளி உக்காரக் கூடாதா?" என்றேன். வழக்கமான வாய்.

"ஏங்க..."

காற்று.

காற்றுதான் என்று நினைத்தேன்.

வெளியே விசில் சத்தம். 6.20. போனேன்.

விசில் தலையைக் குனிந்தபடி நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க பெரியவரே. நேத்து சாயந்தரம் நீங்க கெளம்பினதும் லாரி வந்துடுச்சு. மூணாவது வீட்டைத்தான் முதல்ல காலி பண்ணாங்க. எவ்வளவோ சொன்னேன், கேக்கல. பொம்மைய ராத்திரியே நொறுக்கிட்டாங்க."

"இப்பத்தானே தம்பி துடைச்சிட்டு வரேன்?"

இருவரும் ஓடினோம்.

வீடு காலி. நாற்காலியைப் பலகையோடு முடுக்கியிருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். சுற்றிலும் ராத்திரி படிந்த தூசி. அதில் என் கால் தடம் மட்டும். விசில் கூரைமேல் ஏறிப் பார்த்தார். தகரம் காய்ந்து கிடந்தது. மழை பெய்து எட்டு மாதம்.

என் கையில் இருந்த துணி சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் முகத்தை இரண்டு தரம் துடைத்தேன். ஏன் அழுகிறாய் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.