பத்தரை மணிக் கணக்கெடுப்பு

திண்டுக்கல் பக்கத்து மல்லிகைப்பூ ஊர் ஒன்றுதான் எனக்குத் தொழிலாளர் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது. அங்கே பெண்களில் பெரும்பாலோர் வேலைக்கே போவதில்லை என்று கண்டுபிடித்த மகராசி நான். ஆதாரமா? கட்டுக்கட்டாகப் படிவங்கள். பத்தரை மணிக்கு வேனில் போய் இறங்கி, வீடு வீடாகக் கதவைத் தட்டி நிரப்பியவை. மல்லிகையை மொட்டிலேயே பறித்தாக வேண்டும். இருட்டோடு தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார்கள். ஊர் டீக்கடையில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறீர்களா என்ற கேள்வி படிவத்தில் இல்லை, அதனால் நான் கேட்கவில்லை.

பல வருடம் பாடம் நடத்திவிட்டு அரசுத் துறை ஒன்றுக்கு ஆலோசகராகப் போனேன். முதல் வாரமே ஒரு கோப்பு வந்தது. அதே ஊரில் விடியற்காலையில் திறக்கும் குழந்தைகள் காப்பகத்தை மூட வேண்டுமாம். தாய்மார்கள் வீட்டில்தான் இருப்பதாக ஆய்வு சொல்கிறதாம். எந்த மடச்சி எழுதினாள் என்று அடிக்குறிப்பைப் பார்த்தால், என் பெயர்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் காப்பக வாசலில் நின்றேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நெற்றியில் கட்டியிருந்த டார்ச்சை என் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"வீட்ல சும்மா கெடக்கோம்னு எழுதுனது நீங்கதானா? செத்த நேரம் இவளப் புடிங்க."

குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனவள் ஒன்பது மணிக்குத்தான் வந்தாள். அதற்குள் என் புடவை மூன்று முறை நனைந்திருந்தது. செத்த நேரமாம்!

கோப்பில் எழுதினேன்: "அந்த ஆய்வு தவறு. எழுதியவளே சொல்கிறேன்." திரும்பி வந்தது: "நிபுணரின் ஆய்வை அலுவலரின் சொந்தக் கருத்து மறுக்க இயலாது."

பிரிவு அதிகாரியிடம் போய்க் கத்தினேன். "யோவ், அந்த நிபுணரே நான்தான்யா!"

"இருக்கலாம் மேடம். ஆனா அது அச்சாயிருச்சே" என்றார் அவர், தேநீரை ஆற்றிக்கொண்டே.

காப்பகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அதை அவளிடம் சொல்ல விடியற்காலையில் மறுபடியும் அங்கே போனேன். அவள் பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. குழந்தையை என் இடுப்பில் வைத்தாள்.

"நாளைக்கும் அஞ்சு மணிக்கே வந்துருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் போனாள்.