டெஸ்டர் எரியவில்லை

சென்ற செவ்வாய், காலை ஏழு பத்து. டைரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஓசூரில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், ஸ்டூல் மேல் நின்றிருந்தேன். லைட் ஸ்விட்ச் உடைந்துவிட்டது. புது ஸ்விட்ச் கையில் தயார்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லையா என்கிறீர்களா? வீட்டு மின் ரிப்பேர் பற்றி இரண்டு புத்தகம் படித்திருந்தேனே!

படித்தபடியே செய்தேன். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மேஜையில் வைத்தேன். பழைய ஸ்விட்சைக் கழற்றி வெளியே இழுத்து, கம்பியில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. கரண்ட் இல்லை. அப்புறமென்ன? கையை நீட்டினேன்...

"பேடா சார், பேடா!"

வேண்டாம் என்று கன்னடத்தில் கத்தியவர் பக்கத்துப் போர்ஷன் ஜெயம்மா. மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷன். ஷிஃப்டுக்குக் கிளம்பியவர், வீட்டுச் சாவியை என் மனைவியிடம் கொடுக்க வந்திருந்தார்.

"ஃப்யூஸைப் புடுங்கிட்டேம்மா. டெஸ்டரும் எரியல."

"டெஸ்டர் நல்லா இருக்குதான்னு எப்ப பாத்தீங்க?"

இதென்ன கேள்வி? அதை வாங்கிய தேதிகூட என் டைரியில் உண்டு. கடைசியாக எரிந்த தேதி... இல்லை.

என் டெஸ்டரைக் கொண்டுபோய்த் தன் வீட்டு ப்ளக்கில் செருகினார். எரியவில்லை. டிபன் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து அதே ப்ளக்கில் செருகினார். எரிந்தது. திரும்பி வந்து, நான் தொடப்போன கம்பியில் வைத்தார்.

எரிந்தது! பொட்டு அளவுச் சிவப்பு வெளிச்சம். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"ரெண்டு புஸ்தகத்துலயும் இது இல்லீங்களா?" என்றாள் என் மனைவி.

கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில், ஒரே வீட்டை மூன்று போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்டார் ஓனர். "செவுரு வெச்சாரு மகராசன், வயரை மாத்தல. உங்க சமையக்கட்டுக்கு எங்க மீட்டர்லருந்து கரண்ட் வருது சார்" என்றார் ஜெயம்மா.

தன் ஃப்யூஸ் கட்டையையும் பிடுங்கி வந்து, இரண்டையும் என் சட்டைப்பையில் போட்டார். "மேஜையில வெச்சா யாராச்சும் எடுத்து மாட்டிருவாங்க. எங்க செக்‌ஷன்ல, கம்பியைத் தொடறவங்ககிட்டதான் ஃப்யூஸ் இருக்கோணும்."

மறுபடி கம்பியில் தன் டெஸ்டரை வைத்தார். இப்போது எரியவில்லை. கையை நீட்டினேன்.

"இருங்க சார்!"

எங்கள் இரண்டு வீட்டிலும்தான் கரண்ட் இல்லையே; மூன்றாவது போர்ஷனுக்கு ஓடினார். அவர்கள் வீட்டு ப்ளக்கில் டெஸ்டரைச் செருகி, எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இப்பத்தானேம்மா எரிஞ்சுது?"

"நடுவுல செத்திருந்தா?"

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன். "இப்ப தொடுங்க. முடிச்சதும் எங்க ஃப்யூஸை மாட்டிருங்க!" — சாவியை என் மனைவி கையில் திணித்துவிட்டு ஓடியேவிட்டார்.

நான் அசந்துபோய் நின்றேன். நாள் முழுக்கக் கரண்டோடு பழகுகிறவர், தன் டெஸ்டரைக்கூட முன்னும் பின்னும் விசாரித்த பிறகுதான் நம்புகிறார். நானோ? எரியாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்றே தோன்றவில்லை. எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன். படித்தவன் அல்லவா!

ஸ்விட்சை நானேதான் மாட்டினேன். லைட் நன்றாக எரிகிறது.

இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருப்பது, அன்று நீட்டிய அதே கைதான்.