சாபி என்றால் சாவி, சோபி என்றால் படம்

வங்காளம் பேச நான் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். 'அ', 'ஆ' வருகிற இடத்திலெல்லாம் 'ஓ', 'வ' வருகிற இடத்தில் 'ப' போட்டுவிட வேண்டியது, அவ்வளவுதான். கிடர்பூர் துறைமுகத்தில் பல வருஷங்கள் இதை வைத்தே காலம் தள்ளினேன். என் மனைவிதான் தலையில் அடித்துக்கொள்வாள். அவள் குவார்ட்டர்ஸ் பெண்களோடு பேசிப் பேசியே சுத்தமாகக் கற்றுக்கொண்டவள்.

தொண்ணூறுகளில் பூஜை விடுமுறைக்கு எங்கள் இலாகாவின் ஹாலிடே ஹோமுக்குப் போவோம். சியால்தாவிலிருந்து மூன்று மணி நேர ரயில், அப்புறம் வேன் ரிக்‌ஷா. அந்தக் காலத்தில் அவுரிச் சாயம் காய்ச்சிய துரைகளின் பங்களா அது. சுவர் ஒரு முழக் கனம். அவுரி ஊறவைத்த தொட்டியில் காவல்காரர் கீரை போட்டிருந்தார். பாத்திரமும் மண்ணெண்ணெய் அடுப்பும் அவர்கள் தருவார்கள், சமையல் நம் பாடு. "லீவுக்கு வந்தும் அடுப்படியா?" என்று நான் கேட்டால், "இங்க யாரும் அவசரப்படுத்தலையே" என்பாள். புளியும் பெருங்காயமும் கிடர்பூரிலிருந்தே வரும். காவல்காரரின் மனைவி அவள் வைத்த ரசத்தை டீ மாதிரி டம்ளரில் ஊற்றி உறிஞ்சிக் குடிப்பாள்.

முதல் தடவை போனபோது அறைப் பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. அடுப்பங்கரை வாசலில் நின்று காவல்காரரின் மனைவியிடம், "தீதி, சோபி தின்" என்றேன். அக்கா, சாவி கொடுங்கள் என்று கேட்டதாக நினைப்பு. என் கழுத்தில் கேமரா தொங்கியது. அந்த அம்மாள் வெட்கப்பட்டு, புடவையைச் சரிசெய்து, வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்றவைத்துக் கரண்டியும் கையுமாக இருந்த என் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

என் மனைவிக்கு வந்ததே ஒரு சிரிப்பு. "சோபின்னா படம்ங்க! சாவிக்கு சாபி. நம்ம ஊர் வார்த்தையே முக்கால்வாசி இருக்கு. அதை எதுக்கு இந்த உருட்டு உருட்டுறீங்க?"

அசடு வழிந்துகொண்டே ஒரு படம் எடுத்தேன். பிறகு கிடர்பூர் திரும்பி அதை மறந்தும் போனேன். அடுத்தடுத்துப் போன வருஷங்களிலும் பழக்க தோஷத்தில் சோபிதான் வரும், அவளும் அலுக்காமல் திருத்துவாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். அதே மழையில் கீழ்த்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, ஆல்பங்கள் பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் போனால் முகங்கள் உரிந்து வந்தன. மிஞ்சியது ஆஸ்பத்திரி அட்டைக்காக எடுத்த படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி மாட்டினேன். உம்மென்று, யார் மேலோ கோபம் போலப் பார்ப்பாள். அவள் அப்படிப்பட்டவளே இல்லை. ஒருநாள் அவள் சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். குரல் வந்தது, முகம் வரவில்லை. பயந்துபோனேன்.

அந்தப் பங்களாவுக்குப் போனால் முகம் வருமோ என்று ஓர் ஆசை. இலாகாவின் அலிப்பூர் அலுவலகத்தில் அறை கேட்டபோது குமாஸ்தா நிமிர்ந்து, "ஏக்லா?" என்றார். தனியாகவா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டிருக்க வேண்டாம். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து பையில் புளியும் பெருங்காயமும் எடுத்து வைத்தேன். எனக்கு ரசம் வைக்கத் தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது காவல்காரர் சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பௌதி எங்கே?" என்று வங்காளத்தில் கேட்டாள். அண்ணியை அப்படித்தான் சொல்வார்கள். இல்லை என்று மட்டும் சொன்னேன். புரிந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறவள் முன்னால் நிற்க முடியவில்லை. அறைக்குள் போய்விட்டால் போதும் என்று அவசரமாகக் கேட்டேன்.

"தீதி, சோபி தின்."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் சட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. கண்ணாடியைப் புடவையால் துடைத்துக் கொடுத்தாள்.

அடுப்புக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி விறைப்பாக என்னைப் பார்க்கிறாள். மற்றவள் கரண்டியை நீட்டியபடி, கண் இடுங்க, வாய்விட்டுச் சிரிக்கிறாள். என்னைப் பார்த்துத்தான். நான் எடுத்த படத்தை என்னிடம் சொல்லாமலே என் மனைவி தபாலில் இங்கே அனுப்பியிருக்கிறாள்.

"நியே ஜான், தாதா" என்றாள் காவல்காரரின் மனைவி. எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணா.

ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன், அவள் எதிரிலேயே அழுதேன்.

ஆனாலும் அறையைத் திறக்க வேண்டுமே. "சாபி" என்றேன். முந்தானை முனையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். அத்தனை வருஷத்தில் நான் தப்பில்லாமல் கேட்டு வாங்கிய முதல் சாவி அது. திருத்த ஆள் இல்லாமல் போன பிறகு.