காலி டம்ளரும் யானை லத்தியும்

காலி டம்ளரோடு தெருவில் போகிற பெண்பிள்ளையை யாரும் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். காப்பித்தூளோ உறைமோரோ கடன் வாங்கப் போகிறாள் என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்வார்கள். காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுத் தெருவில் இதைக் கண்டுபிடித்தவள் நான். அந்த டம்ளரை வைத்துக்கொண்டு நான் சேர்த்த சாமான்களில்தான் எங்கள் தெருப் பையன்கள் மாஞ்சா போட்டார்கள். பெயர் மட்டும் அவர்களுக்கு.

மாஞ்சா என்பது காத்தாடி நூலுக்குப் போடுகிற கண்ணாடித்தூள் பூச்சு. ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் மாடிக்கு மாடி காத்தாடி ஏறும். இரண்டு காத்தாடிகளின் நூல் பின்னிக்கொண்டு ஒன்றை ஒன்று அறுக்கப் பார்ப்பதற்கு டீல் என்று பெயர். எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டீல் நடக்கும். எங்கள் பக்கத்துத் தலைவன் என் அண்ணன். அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அதற்குள் அவன் நடை என்ன, பேச்சு என்ன, தாங்க முடியாது.

பையன்கள் சாமான் தேடுகிற அழகைப் பார்க்க வேண்டும். காலையில் கோணிப்பையோடு ஊர்வலமாகக் கிளம்பி, ஊரையெல்லாம் சுற்றி, எல்லாரிடமும் திட்டு வாங்கி, சாயங்காலம் உடைந்த சோடா பாட்டிலோடு வந்து சேருவார்கள். சோடா பாட்டிலை எவ்வளவு இடித்தாலும் மணலாகத்தான் வரும், நூலில் ஒட்டாது. மாஞ்சாவுக்கு வேண்டியது பல்பின் மெல்லிய கண்ணாடி. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பல்பு, இரண்டு பல்பு. ஃபியூஸ் போன பல்பைக்கூட ஆட்டிப் பார்த்து, திருகிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தூக்கிப் போட மனம் வராது.

நான் அலைய மாட்டேன். எந்தப் பொருள் எங்கே, எந்த நேரத்தில், யாருக்கும் வேண்டாததாக ஆகிறது என்று பார்ப்பேன். வைகாசித் திருவிழா முடிந்து கோயில் தெருவில் சீரியல் விளக்குகளை அவிழ்க்கிற நேரத்தில் ஏணிக்குக் கீழே போய் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி என்று ஒரு பொய். ஃபியூஸ் போனதெல்லாம் என் பாவாடை மடிக்கு வந்துவிடும். வஜ்ஜிரம் என்கிற மரப்பசை வேண்டுமென்றால், தறி ரிப்பேர் பார்க்கும் தச்சர் வேலை முடிந்து பசை காய்ச்சிய தகரத்தைச் சுரண்டுகிற நேரம். கஞ்சி வேண்டுமென்றால் விடியற்காலை. அப்போதுதான் தெருவில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள், குண்டானில் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். டம்ளர் எதற்கு இருக்கிறது?

சாயம் மட்டும் கஷ்டம். வெள்ளை மாஞ்சா போட்டால் பக்கத்துத் தெருக்காரன் கேலி செய்வான். எங்கள் தெருக் கோடியில் சாயப்பட்டறை வைத்திருந்த தெலுங்குக்கார அத்தை பையன்களை வாசற்படி ஏற விட மாட்டாள். நான் போனால், "ஏமே, இன்னிக்கி என்னா காணோம் உங்க வூட்ல?" என்று கேட்பாள். அண்டாவில் சாயம் தோய்த்து முடிந்து சாக்கடைக்குப் போக வேண்டிய அடித்தண்ணீர் என் டம்ளருக்கு வரும். அத்தையின் கைகள் இரண்டும் முழங்கை வரை ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும்.

இதற்கெல்லாம் எனக்கு என்ன கூலி என்று கேட்பீர்கள். அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். எல்லாச் சாமானும் நான் கொண்டுவந்து கொடுத்தால் அந்த வருஷம் ஆடியில் முதல் டீல் எனக்கு. அந்த வருஷத்தை விட்டால் எனக்கு வேறு வருஷம் கிடையாது. ஆவணியில் தாவணி போட்டுவிடுவேன், அப்புறம் மாடிப்பக்கம் தலை காட்டக்கூடாது என்று அம்மா முன்னாலேயே சொல்லியிருந்தாள். எத்தனையோ வருஷம் அண்ணனுக்குப் பின்னால் நூல்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, விடுவதும் இழுப்பதும் எனக்குப் பாடமாகியிருந்தது. ஒரே ஒரு தடவை நூல் என் விரலில் ஓட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

சாமான் எல்லாம் வந்து சேர்ந்த அன்று அண்ணன் பையன்களுக்கு முன்னால் வைத்து வாக்கை மாற்றினான்.

"பொம்பளப் புள்ள மாடி மேல நின்னுகினு காத்தாடி உட்டா தெருவே சிரிக்கும். போ, போய் அம்மாவுக்கு தார் சுத்திக் குடு."

பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கொண்டுவந்த சாமானில் பாதியைத்தான் அவர்களிடம் கொடுத்திருந்தேன். அண்ணனை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

மறுநாள் தறிக்கு ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றிக்கொண்டே, பக்கத்துத் தெருக்காரன் மாஞ்சா ஏன் அறுவதே இல்லை தெரியுமா என்று அண்ணனிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவன் காதைத் தீட்டிக்கொண்டான். யானை லத்தியைக் காயவைத்து இடித்துக் கலக்கிறார்களாம், யாரிடமும் சொல்லாதே என்றேன். யாரிடமும் சொல்லாதே என்றதால் பொழுது சாய்வதற்குள் எல்லாப் பையன்களுக்கும் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் கோயில் யானை வெளியே கிளம்பினால் பின்னாலேயே எங்கள் தெருப் பையன்கள் கோணிப்பையோடு போனார்கள். யானை நின்றால் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். முதலில் பாகன், இந்தக் காலத்தில் இப்படிப் பக்தியான பிள்ளைகளா என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். அவர்கள் பார்வை யானையின் முகத்தில் இல்லை என்று தெரிந்ததும் அங்குசத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தியிருக்கிறார். அப்படியும் விடவில்லை. எப்படியோ ஒரு கோணிப்பை சேர்த்து எங்கள் மாடியில் காயப்போட்டார்கள். என்ன நாற்றம் இது என்று அம்மா வீடு முழுக்கத் தேடினாள். எலி செத்திருக்கும் என்று அண்ணன் சொன்னான். நானும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அம்மாவோடு சேர்ந்து எலி தேடினேன்.

அவர்கள் யானைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் சாயப்பட்டறைக் கொல்லையில் என் மாஞ்சாவைப் போட்டேன். அத்தையிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கேட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அண்டாவில் இருந்தது ஒரு கல்யாணப் புடவைக்காகத் தோய்த்த அரக்குச் சாயம். அதில் எனக்கும் கொஞ்சம் ஊற்றினாள். நூல் பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, தொட்டால் வெட்டியது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டு மாடிக்குப் போனேன். அங்கே பட்டு உலர்த்துகிற கீற்றுக்கொட்டகை ஒன்று இருந்தது. அதன் மறைவில் நின்றால் எங்கள் மாடியிலிருந்து ஆள் தெரியாது, காத்தாடி மட்டும் தெரியும். நூல்கட்டையைப் பிடிக்க ஆள் இல்லையே என்று நான் யோசிப்பதற்குள் அத்தை புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நானு பிடிக்கறேன். என் பட்டு மேல மட்டும் உன் நூலு வுழக்கூடாது. வுழுந்திச்சி, உன்னையும் அண்டாவுல போட்டு தோய்ச்சிடுவேன்."

காத்தாடி ஏறியது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? வானத்தில் இருக்கிற ஒன்று என் விரலைப் பிடித்து இழுத்தது, அவ்வளவுதான். அண்ணன் காத்தாடி வடக்கே நின்றுகொண்டிருந்தது. நேராக அதன் நூல் மேல் என் நூலைப் போட்டேன். அவன் பயந்துபோய் இழுக்க ஆரம்பித்தான். இழுத்தால் கெட்டது, விட வேண்டும். நான் விட்டேன். அத்தை கையில் கட்டை விர்ரென்று சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் காத்தாடி தலையை ஆட்டிக்கொண்டு ஊரைத் தாண்டிப் போய்விட்டது. லத்தி நார் ஒட்டிய நூல் வேறென்ன செய்யும்?

அதோடு இறக்கியிருக்க வேண்டும். எனக்குத் திமிர். பக்கத்துத் தெருக் காத்தாடி மேலும் போட்டேன். அவர்களுடையது நிஜமாகவே நல்ல மாஞ்சா. என் நூல் அறுந்து தெருவின் குறுக்கே ஓட்டுக்கூரைகள் மேல் நீளமாக விழுந்தது. நல்லவேளை, பட்டின் மேல் விழவில்லை.

விளக்கு வைத்ததும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா அன்றைக்கென்று மிளகு ரசம் வைத்திருந்தாள். என் விரல்களில் மாஞ்சா கிழித்த வெட்டுகள். சோற்றில் கை வைத்ததும் உச்சந்தலை வரை எரிந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு பிசைந்தேன். எதிரே அண்ணன், துக்க வீட்டில் உட்கார்ந்தவனைப் போல உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு முழம் நூலை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டான். தன் காத்தாடியை அறுத்தவன் நூல், எங்கள் கூரை மேலேயே கிடந்தது என்றான்.

அப்பா அதை எடுத்து விளக்கடியில் பிடித்தார். என் உயிர் போய்விட்டது. ஊரெல்லாம் மாஞ்சாவுக்கு ரோஸ் சாயம் போடும், நான் ஒரு மேதாவி, கல்யாண அரக்கைப் போட்டிருந்தேன். அப்பா அந்த வாரம் தறியில் ஏற்றியிருந்ததே அந்த நிறம்தான்.

"இது நம்ம தறியில இருக்குற அரக்குபா. சாயக்காரம்மா அண்டாவுல தோய்ச்சது. அந்த வூட்டுக்குள்ள போய் இத எவன் எடுத்துகினு வந்தான்?"

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தான். என் விரல்களைப் பார்த்தான். அந்த வீட்டுக்குள் போகிறது யார் என்று அவனுக்குத் தெரியாதா? வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை போதும், அப்பா என்னை உரித்துவிடுவார். ஆனால் சொன்னால், அவன் காத்தாடியை அவன் தங்கச்சி அறுத்துவிட்டாள் என்று விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். பாவம், மென்று விழுங்கினான்.

"பக்கத்துத் தெருப் பசங்கதாம்பா. சொவரு ஏறிக் குதிச்சிருப்பானுங்க," என்றான்.

பிறகு மோர்ச் சட்டியை என் பக்கம் தள்ளி வைத்தான். நான் மோரில் கையை நனைத்துக்கொண்டே, அப்பாவுக்குக் கேட்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் டீல் யாருக்கு என்று கேட்டேன்.

"உனக்குத்தான், சனியனே."

அடுத்த ஞாயிறு எங்கள் மாடியிலேயே, அத்தனை பையன்களுக்கும் எதிரில், நான் காத்தாடி விட்டேன். பின்னால் நூல்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணன். ஆவணியில் தாவணியும் வந்தது. அடுத்த ஆடியில் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு மாடி ஏறினேன், அம்மாவைச் சமாளித்தது அவன்தான்.

இப்போது மாஞ்சாவுக்குத் தடை. கழுத்தை அறுக்கிற சமாச்சாரம், தடை போட்டது சரிதான். போன பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்திருந்தபோது அண்ணன் தன் பேரனை உட்காரவைத்து அந்தக் காலத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நாங்க பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணுதான். யானை லத்திய காய வெச்சிட்டோம். பச்சையா போட்டிருந்தா எவனாலும் அறுத்திருக்க முடியாது."

பேரனுக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பி, நெசமா பாட்டி என்று என்னைக் கேட்டான். அண்ணனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்பா," என்றேன். "பச்சையாத்தான் போடணும்."